ஹோமோசிஸ்டீன்: எண் இறங்கினால் இதயம் பிழைக்குமா?

(அறந்தாங்கியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

   

இன்று நான் அரசியல் பேசப்போவதில்லை. தேர்தல் பற்றியும் பேசப்போவதில்லை. உங்கள் நெஞ்சுக்குள் இரவும் பகலும் ஓய்வில்லாமல் துடித்துக்கொண்டிருக்கிறதே, அந்தக் கைப்பிடி அளவு சதைத் துண்டைப் பற்றிப் பேசப்போகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஜனாஸாவுக்குப் போயிருந்தேன். மவுத்தானவர் இரும்புச் சாமான் கடைக்காரர். வயது நாற்பத்தாறுதான். காலையில் கடை திறக்கப் போனவர், ஷட்டரைத் தூக்கிய இடத்திலேயே சாய்ந்துவிட்டார். மூன்றாம் நாள் அவருடைய மகன் ஒரு கோப்பை என் கையில் கொடுத்தான். "ஹஜ்ரத், அத்தா ஒரு வருஷமா மாத்திரையை ஒரு நாள்கூடத் தவற விட்டதில்லை. பிறகு ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டான்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு வருடத்திற்கு முன் முழு உடல் பரிசோதனை செய்திருக்கிறார். 'ஹோமோசிஸ்டீன் 31' என்று இருந்த இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது. மாத்திரை எழுதியிருந்தார்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் பரிசோதனை. ஹோமோசிஸ்டீன் 12. குடும்பமே மகிழ்ந்திருக்கிறது. அதே தாளில் கீழே இன்னொரு எண் இருந்தது. இரத்த அழுத்தம் 168-க்கு 104. மூன்று மாதம் கழித்து 170-க்கு 106. அதற்கும் மருந்து எழுதித்தான் இருந்தது. அவர் வாங்கவில்லை. "பிரஷர் மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும்" என்று சொல்லிவிட்டாராம். சிகரெட்டையும் விடவில்லை.

சகோதரர்களே, அவர் உயிரை எது கொண்டுபோனது என்று மையித்திடம் கேட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அவர் எந்த எண்ணுக்குப் பயந்தார், எந்த எண்ணுக்குப் பயப்படவில்லை என்பதை அந்தக் கோப்பு சொல்கிறது. அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் தேடி டாக்டர்களைக் கேட்டேன், கிடைத்ததைப் படித்தேன். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

காலிச் சாக்கும் கூலியாட்களும்

அது என்ன ஹோமோசிஸ்டீன்? வியாபாரிகளுக்குப் புரியும் விதத்தில் சொல்கிறேன்.

நாம் உண்ணும் இறைச்சி, மீன், முட்டை, பால், பருப்பு எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அந்த மாலையில் ஒரு மணிக்கு மெத்தியோனின் என்று பெயர். அதைச் சரக்கு மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு அந்த மூட்டையிலிருந்து தனக்கு வேண்டிய சரக்கை இறக்கிக்கொள்கிறது. மிஞ்சுவது காலிச் சாக்கு. அந்தக் காலிச் சாக்குதான் ஹோமோசிஸ்டீன். அதுவும் ஓர் அமினோ அமிலம்தான். ஆனால் நாம் உண்ணும் உணவிலிருந்து நேராக வருவதில்லை, உடம்புக்குள்ளேயே உண்டாவது.

காலிச் சாக்கை என்ன செய்வீர்கள்? ஒன்று, மறுபடி சரக்கு நிரப்புவீர்கள். அல்லது வெட்டித் தைத்து வேறு வேலைக்குப் பயன்படுத்துவீர்கள். உடம்பும் இந்த இரண்டையும்தான் செய்கிறது. மறுபடி நிரப்பி மெத்தியோனின் ஆக்குவதற்கு ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி-12 என்ற இரண்டு கூலியாட்கள் வேண்டும். வேறு பொருளாக மாற்றுவதற்கு வைட்டமின் பி-6 என்ற கூலியாள் வேண்டும். ஆட்கள் வேலைக்கு வராவிட்டால் குடோனில் காலிச் சாக்கு குவியும். இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் குவிவதும் இப்படித்தான். சிறுநீரகம் தளர்ந்தாலும் குவியும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், புகைபிடித்தாலும், வயது ஏறினாலும் கூடும்.

ஒரு லிட்டர் இரத்த நீரில் 5 முதல் 15 மைக்ரோமோல் வரை இருப்பது சாதாரணம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 15-லிருந்து 30 வரை மிதமான உயர்வு. 100-ஐத் தாண்டுவது பெரும்பாலும் பிறவிக் குறை உள்ளவர்களுக்கே.

இரண்டு பிள்ளைகள் சொன்ன செய்தி

இந்தப் பொருளை 1932-ல் கண்டறிந்தவர் வின்சென்ட் டூ விக்னோ என்ற அமெரிக்க வேதியியல் அறிஞர். 1955-ல் நோபல் பரிசு பெற்றவர். முப்பது ஆண்டுகள் இது வேதியியல் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது. 1962-ல் அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரிலும், அமெரிக்காவின் விஸ்கான்சினிலும், மூளை வளர்ச்சி குன்றிய சில குழந்தைகளின் சிறுநீரில் இது ஏராளமாக வெளியேறுவதைக் கண்டார்கள். அந்தக் குழந்தைகளுக்குக் கண் வில்லை இடம் பெயர்ந்திருந்தது. எலும்புகள் நீண்டிருந்தன. பலர் இளம் வயதிலேயே இரத்தக் கட்டியால் இறந்தார்கள்.

1969-ல் கில்மர் மெக்கல்லி என்ற டாக்டர் இரண்டு பிள்ளைகளின் கதையை எழுதினார். ஒருவன், 1933-ல் பாஸ்டனில் இறந்த எட்டு வயதுச் சிறுவன். அவனுடைய தமனிகள் கிழவருடைய தமனிகளைப் போல் தடித்திருந்தன. மற்றது இரண்டு மாதக் கைக்குழந்தை. அதன் தமனிகளும் அப்படியே. இரண்டு பிள்ளைகளுக்கும் இருந்த பிறவிக் குறை வேறு வேறு. இரண்டிலும் பொதுவாக இருந்தது ஹோமோசிஸ்டீன் குவிந்திருந்தது மட்டுமே. எனவே தமனியைக் கெடுப்பது ஹோமோசிஸ்டீன்தான் என்றார் மெக்கல்லி. பிறவிக் குறை இல்லாத சாதாரண மனிதர்களுக்கும் இது கொஞ்சம் கூடினால் மாரடைப்பு வரலாம் என்றும் சொன்னார்.

எப்பேர்ப்பட்ட கூர்மை பாருங்கள்! ஆனால் உலகம் அப்போது கொழுப்பைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தது. அவர் பேச்சு எடுபடவில்லை. 1970-களின் கடைசியில் ஹார்வர்டை விட்டே அவர் வெளியேற நேர்ந்தது. பின்னர் காற்று திசை மாறியது. 1992-ல் அமெரிக்காவில் 14,916 ஆண் டாக்டர்களைப் பின்தொடர்ந்த ஆராய்ச்சி வெளிவந்தது. ஹோமோசிஸ்டீன் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் வந்திருந்தது. அவ்வளவுதான்! பத்திரிகைகள் எழுதின. வைட்டமின் மாத்திரை விற்பனை சூடு பிடித்தது.

நம் நாட்டு இரத்தத்தில்

இந்தியர்களிடம் இது அதிகமா? அதிகம்தான். 2000-ல் இங்கிலாந்தில் வெளியான ஆராய்ச்சியில், அங்கு வாழும் இந்திய வம்சாவளி ஆண்களுக்கு ஐரோப்பிய ஆண்களைவிட 6 சதவிகிதம் கூடுதலாக இருந்தது. 2001-ல் புனே நகரில் 204 பேரைச் சோதித்ததில், 77 சதவிகிதம் பேருக்கு 15-க்கு மேல் இருந்தது. காரணம் என்ன? பி-12 குறைவு. இந்த வைட்டமின் செடி கொடிகளில் கிடையாது. இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் உண்டு.

"நாம்தான் பிரியாணி சாப்பிடுகிறோமே, நமக்கென்ன?" என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். புனேயில் அசைவம் உண்பவர்களிடமும் இந்தக் குறைவு காணப்பட்டது. வாரத்தில் ஒரு நாள் பிரியாணியும், மற்ற ஆறு நாள் பரோட்டாவும் சால்னாவும் தேநீருமாக ஓட்டும் நம் கடைப் பையன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் இன்னொரு செய்தியும் உண்டு. அது நம் சென்னையிலிருந்தே வந்தது. அதே 2001-ல் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகன் குழுவினர் தென்னிந்திய ஆண்களைச் சோதித்து எழுதினார்கள். இதயத் தமனி நோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டபோது, ஹோமோசிஸ்டீனுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. அப்படியானால் நம்மில் பலருக்கு அந்த எண் உயர்ந்திருப்பது உண்மை; அது உயர்ந்திருப்பதாலேயே மாரடைப்பு வருகிறது என்பது வேறு பேச்சு!

மாத்திரை தோற்ற கதை

இதைத் தீர்த்துவைக்க ஒரே வழிதான் உண்டு. ஆயிரக்கணக்கான நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வைட்டமினும் மறு பிரிவுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து, யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். பார்த்தார்கள்.

2006-ல் நார்வேயிலிருந்து ஒரு முடிவு. மாரடைப்பு வந்து பிழைத்த 3,749 பேர். ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. எல்லா வைட்டமினையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களிடம் தீமையின் சாயல்கூடத் தெரிந்தது. அதே ஆண்டு கனடாவிலிருந்து இன்னொரு முடிவு. 5,522 பேர், ஐந்து வருடம். அந்த ஆராய்ச்சியின் தலைவர்களில் ஒருவர் நம் அண்டை மாநிலமான கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப். வைட்டமின் சாப்பிட்டவர்களில் 18.8 சதவிகிதம் பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ இதய நோய் மரணமோ நேர்ந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 19.8 சதவிகிதம். இந்தச் சிறு வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது என்று கணக்கு சொன்னது.

பிறகும் பல ஆராய்ச்சிகள் வந்தன. 2017-ல் 15 ஆராய்ச்சிகளை, 71,422 பேரின் கணக்கை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். மாரடைப்பைத் தடுப்பதில் பயன் இல்லை. மரணத்தைத் தள்ளிப்போடுவதிலும் பயன் இல்லை. பக்கவாதத்தில் மட்டும் ஒரு சிறு குறைவு.

அந்தப் பக்கவாதச் செய்தியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2015-ல் சீனாவில் இரத்த அழுத்தம் உள்ள 20,702 பேருக்குச் செய்த ஆராய்ச்சி. ஒரு பிரிவுக்கு அழுத்த மாத்திரை மட்டும். மறு பிரிவுக்கு அழுத்த மாத்திரையோடு ஃபோலிக் அமிலமும். முதல் முறை பக்கவாதம் வந்தவர்கள் 3.4 சதவிகிதத்திலிருந்து 2.7 சதவிகிதமாகக் குறைந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் கவனியுங்கள். இரண்டு பிரிவினரும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டவர்கள்! அஸ்திவாரம் அது. ஃபோலிக் அமிலம் அதன் மேல் அடுக்கிய ஒரு செங்கல். நம் இரும்புக் கடைச் சகோதரர் அஸ்திவாரம் தோண்டாமல் செங்கலை மட்டும் அடுக்கினார்.

கொக்கை விரட்டினால்?

எண் இறங்கியும் நோய் ஏன் நிற்கவில்லை? கண்மாயில் கொக்கு கூட்டமாக இறங்கினால் அங்கே மீன் இருக்கிறது என்று அறியலாம். கொக்கை விரட்டிவிட்டால் மீன் போய்விடுமா? இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. கெட்ட சிறுநீரகம் ஹோமோசிஸ்டீனை ஏற்றுகிறது. சிகரெட்டும் அதை ஏற்றுகிறது. அதே அழுத்தமும் சர்க்கரையும் சிகரெட்டும்தான் தமனியையும் அடைக்கின்றன. ஹோமோசிஸ்டீன் பெரும்பாலும் கொக்கு. நாமோ கொக்கை விரட்டக் காசு செலவழித்துவிட்டு, மீனைக் கண்மாயிலேயே விட்டுவிடுகிறோம்.

மெக்கல்லி சொன்னது பொய்யா? இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது 100-க்கும் மேலே குவிகிறது. அங்கே அது கொலைகாரன்தான். அவர்களுக்கு வைத்தியம் உயிர் காக்கும். 18-ஐ 12 ஆக்குவதால் நமக்கும் அதே பலன் கிடைக்கும் என்று எண்ணியதுதான் பிழை.

அப்படியானால் வைட்டமினே வேண்டாமா?

நான் அப்படிச் சொல்லவில்லை. "ஹஜ்ரத் சொன்னார்" என்று யாரும் டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

பி-12 குறைவு என்பது தனியாகவே ஒரு நோய். கால் மரத்துப் போகும். ஊசி குத்துவது போலிருக்கும். நாக்கு புண்ணாகும். சோர்வும் மறதியும் வரும். இரத்த சோகை வரும். சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களே, வயிற்றெரிச்சலுக்காக ஒமிப்ரசோல் போன்ற மாத்திரையை விடாமல் விழுங்குகிறவர்களே, உங்களுக்கு இந்தக் குறைவு வர வாய்ப்பு அதிகம். டாக்டரிடம் சொல்லி பி-12 அளவைப் பாருங்கள். குறைவு இருந்தால் நிரப்புங்கள். அது நரம்புக்காக, இரத்தத்துக்காக. மாரடைப்பைத் தடுக்கும் தாயத்து என்று எண்ணி அல்ல.

இன்னொன்று. பி-12 குறைவாக உள்ளவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் தானாக வாங்கிச் சாப்பிட்டால், இரத்த சோகை தீர்ந்தது போல் தோன்றும்; உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். ஆகவே மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்காதீர்கள். ஆனால் கருவுற்ற பெண்களுக்கும், கருத்தரிக்க இருப்பவர்களுக்கும் ஃபோலிக் அமிலம் மிக அவசியம். குழந்தையின் முதுகுத் தண்டுக் குறையை அது தடுக்கும் என்று 1991-லேயே உறுதியாகிவிட்டது. அதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

மற்றவர்களுக்குச் சமையலறையே போதும். முருங்கைக் கீரை, தண்டுக் கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றில் ஃபோலிக் சத்து உண்டு. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் சத்தும் போய்விடும். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகில் வந்து இறங்குகிற மீனில் பி-12 இருக்கிறது.

எந்தக் கணக்கைப் பார்ப்பது?

மாரடைப்புக்குக் காரணம் எது என்று 52 நாடுகளில் ஆராய்ந்து 2004-ல் அதே டாக்டர் சலீம் யூசுஃப் குழுவினர் வெளியிட்டார்கள். புகைபிடித்தல், கெட்ட கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, தொந்தி, மன உளைச்சல், காய்கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை உள்ளிட்ட ஒன்பது காரணங்களே 90 சதவிகித மாரடைப்புக்குப் பொறுப்பு. தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டினருக்கு ஏறக்குறைய 59. ஆறு வருடம் முந்துகிறோம், சகோதரர்களே! மகளுக்கு நிக்காஹ் பேசும் வயதில், மகன் கடையில் உட்காரத் தொடங்கும் வயதில்!

இப்போது நம் மாநிலத்துக் கணக்கைக் கேளுங்கள். 2020-ல் தமிழ்நாட்டில் நடத்திய அரசு ஆய்வில், 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 33.9 சதவிகிதம் பேருக்கு இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுப்பாட்டில் இருந்தது தெரியுமா? 7.3 சதவிகிதம்! நூறு பேர் கடனாளி. கடனைக் கட்டுகிறவர் ஏழு பேர். இப்படி ஒரு கடைத்தெரு இருந்தால் அதில் நீங்கள் வியாபாரம் செய்வீர்களா?

ஹோமோசிஸ்டீன் பரிசோதனைக்கு நூற்றுக்கணக்கில் செலவாகும். இரத்த அழுத்தம் பார்க்க அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு இல்லை. மாத்திரைக்கும் காசு இல்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. விலை இல்லாததற்கு மதிப்பும் இல்லை என்று நினைத்துவிட்டோமா?

"ஆயுள் முழுக்க மாத்திரையா?" என்று கேட்கிறீர்கள். கடைக்கு ஆயுள் முழுக்க வாடகை கொடுக்கவில்லையா? குடியிருக்கும் உடம்புக்கு ஒரு சின்ன மாத்திரை பாரமா?

சபுரிலிருந்து விடுமுறைக்கு வரும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டி நிறைய வைட்டமின் டப்பா கொண்டுவந்து அத்தாவுக்குக் கொடுக்கிறீர்கள். பாசம் புரிகிறது. அந்த டப்பாவுக்குப் பதில் ஒரு பிரஷர் கருவி வாங்கி வாருங்கள். அத்தாவை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, பிறகு அளந்து பாருங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். 140-க்கு 90 என்ற அளவை மீண்டும் மீண்டும் தொட்டால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கடைசியாக ஒன்று. நெஞ்சின் நடுவில் பாறாங்கல் வைத்தது போல் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ ஏறும் வலி, குளிர்ந்த வியர்வை. இவை வந்தால் வாயு என்று சொல்லி சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐ அழையுங்கள். கடற்கரை ஊர்களிலிருந்து அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை எட்ட ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் உயிர் இருக்கிறது. 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் உதவியாகக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். உங்கள் ஊருக்கு அருகில் அந்த நிலையம் எங்கே இருக்கிறது, இரவில் யார் வண்டி எடுப்பார் என்பதை இன்றே பேசி வையுங்கள்.

இளைஞர்களே! உங்களிடம் ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறேன். ஜும்ஆ முடிந்து மக்கள் வெளியே வரும் இடத்தில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பிரஷர் கருவி, ஒரு நோட்டுப் புத்தகம். வேறொன்றும் வேண்டாம். அளக்கத் தெரிந்த செவிலியர் சகோதரி ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சமுதாயத்தவர் வந்தாலும் அளந்து சொல்லுங்கள். அளவு கூடியவர் பெயரை எழுதி, அடுத்த வாரம் அவர் கடைக்கே போய் "பாய், மாத்திரை வாங்கினீர்களா?" என்று கேளுங்கள். சிகரெட் பெட்டி சட்டைப் பையில் தெரிந்தால் அதையும் கேளுங்கள். கோபப்பட்டால் படட்டும்.

அந்தப் பையனுக்கு நான் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. கோப்பைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் கையைப் பிடித்து, "நீ முதலில் வா, உன் அழுத்தத்தைப் பார்ப்போம்" என்று அழைத்துப் போனேன். வயது இருபத்து மூன்று. 146-க்கு 94. இப்போது அவன் மருத்துவரிடம் போய்வருகிறான், உப்பைக் குறைத்துவிட்டான், காலையில் நடக்கிறான். அத்தாவின் கடையையும் திறந்துவிட்டான்.

நீங்களும் நாளைக் காலை கடை திறக்கும் முன் கையை நீட்டுங்கள். வஸ்ஸலாம்.